பக்கைப் பென்சிலால துரத்தி மூணு வாரம்

மூணு வாரமா தினம் ராத்திரி பழைய ஐஸ் ஹாக்கி மேட்ச் ஒண்ணு போட்டு, மடியில பேப்பரை வச்சுக்கிட்டு, அதுல மைதானம் வரைஞ்சு, பக் (பந்துக்குப் பதிலா அடிக்கற தட்டையான ரப்பர் வட்டு) போற பாதையை அப்படியே பென்சிலால இழுத்துட்டு இருக்கேன். ரூல் ஒண்ணே ஒண்ணுதான், குனிஞ்சு பேப்பரைப் பாக்கக் கூடாது. ஐஸ் ஹாக்கியோட ஜாம்பவான் வெய்ன் கிரெட்ஸ்கிக்குச் சின்ன வயசுல அவர் அப்பா வால்டர் கொடுத்த பயிற்சி இது. கனடால பிரான்ட்ஃபோர்டு ஊர்ல டெலிபோன் கம்பெனி வேலை அவருக்கு, குளிர்காலம் வந்தா வீட்டுக்குப் பின்னாடி புல்தரைல தண்ணி விட்டு உறைய வச்சு மகனுக்கு ஐஸ் மைதானமே போட்டுக் கொடுத்த மனுஷன்.

முதல் வாரம் கோடு பேப்பரைத் தாண்டி தொடை மேலயே போச்சு. பத்துப் பேப்பர் ஆனப்புறம்தான் கை பழகுச்சு. குனிஞ்சு பாத்தா நாலு மூலையிலயும் கோல் வலைக்குப் பின்னாடியும் கோடு மேல கோடு விழுந்து கன்னங்கரேல்னு இருக்கு. அந்த வலைக்குப் பின்னாடி இடத்துக்கு 'கிரெட்ஸ்கியோட ஆபீஸ்'னே பேரு. அங்க நின்னா தடுக்க வர்றவன் எந்தப் பக்கமா வந்தாலும் இவர் மறுபக்கமா நழுவிடலாம், கோலி பாடுதான் கஷ்டம், முதுகுக்குப் பின்னாடி பக், கண்ணு முன்னாடி அடிக்கக் காத்திருக்கற ஆளு, எதைப் பாப்பான்?

ரெண்டாவது வாரம் சிவப்புப் பென்சில் எடுத்து, அதே மேட்சைத் திரும்பப் போட்டு கிரெட்ஸ்கி போற பாதையை மட்டும் வரைஞ்சேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது இங்கதான். ஏழெட்டுப் பேர் மூலையில முட்டி மோதிட்டு இருப்பாங்க, கறுப்புக் கோடு அங்கயே சிக்கலா சுத்தும், சிவப்புக் கோடு மட்டும் தள்ளித் தனியா நிக்கும், கொஞ்ச நேரத்துல கறுப்பு நேரா சிவப்புகிட்ட வந்து சேரும்.

மூணாவது வாரம் 1987 கனடா கப் (நாடுகளுக்கு நடுவுல நடந்த போட்டி) ஃபைனலோட மூணாவது மேட்ச், ஹாமில்டன்ல, சோவியத்தோட 5-5, முடிய ஒண்ணரை நிமிஷம்கூட இல்ல. கிரெட்ஸ்கி இடது பக்கமா பக்கை எடுத்துட்டு ஓடறார், கூட ஆடற மர்ஃபி கோலைப் பாத்து நேரா பாயறார், எல்லாரும் மர்ஃபிக்குத்தான்னு நினைக்கறப்ப பாஸ் பின்னாடி வந்த இன்னொரு கனடா ஆட்டக்காரர் மரியோ லெமியூவுக்குப் போகுது. கோல், 6-5. என் பென்சிலும் மர்ஃபி பக்கம்தான் போயிருந்துச்சு.

அவர் ஆடின எட்மன்டன் டீமுக்கு நாலு ஸ்டான்லி கப் (என்.ஹெச்.எல்.ங்கற வட அமெரிக்க லீக்கோட கோப்பை), 1985-86 ஒரே சீசன்ல 215 பாயிண்ட் (கோலுக்கு ஒண்ணு, அசிஸ்டுக்கு ஒண்ணு). 894 கோல் சாதனையை 2025 ஏப்ரல்ல ரஷ்ய ஆட்டக்காரர் ஒவெச்கின் தாண்டிட்டார், தாண்டட்டும், 1,963 அசிஸ்ட் (அடுத்தவன் கோல் போடக் கொடுத்த பாஸ்) இருக்கே, வேற எந்த ஆளோட கோலையும் அசிஸ்டையும் சேர்த்துக் கூட்டினாலும் அந்த எண்ணிக்கை வராது. அடுத்தவனுக்குக் கொடுத்தே இவ்வளவு பெரிய ஆளானதுதான் எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது.

இன்னைக்கு ராத்திரி 1989 அக்டோபர் 15 மேட்ச். கிரெட்ஸ்கி தன்னோட சின்ன வயசு ஹீரோ கார்டி ஹோவோட 1,850 பாயிண்ட் சாதனையை, லாஸ் ஏஞ்சலஸ் ஜெர்சியில, எட்மன்டன்லயே வந்து தாண்டின நாள். ரெண்டு பென்சிலும் சீவி வச்சாச்சு.