பத்துமலைப் படிகளில் சூரன் கதை

கந்த சஷ்டி விரத நாள்களில் ஒரு காலை, கொமுட்டர் ரயில் பிடித்து அத்தையோடு மலேசியாவின் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனேன். தைப்பூச நெரிசல் இல்லாததால் 272 படிகளையும் பேசிக்கொண்டே ஏற முடிந்தது.

பேச்சு கந்தபுராணத்தைப் பற்றி. முருகனோடு போரிடும் அசுரச் சகோதரர்களில் தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம் என்கிற வினை, சூரபன்மன் ஆணவம் என்கிற அகந்தை என்று சைவப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறோம். கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாசாரியார் போரைச் சொல்லும் வரிசையிலேயே நம் மனசுக்குள் நடப்பது இருக்கிறது. முதலில் விழுபவன் தாரகன். அவனுக்குத் துணை மாயம் செய்யும் கிரவுஞ்ச மலை. வழி இருக்கிறது என்று நம்பி அதற்குள் நுழைந்த முருகனின் தளபதி வீரபாகுவும் படையும் மயங்கிக் கிடந்தார்கள். வேல்தான் அந்த மலையைப் பிளந்தது. அப்புறம் சிங்கமுகன். வெட்ட வெட்ட முளைக்கும் தலைகள் அவனுக்கு. ஒரு வினையைத் தீர்க்கப் போய் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்கிறோமே, அதேதான்.

சூரன் கடைசியில்தான் வருகிறான். முருகன் தன் பெருவடிவைக் காட்டியதும், இவரை வலம் வர வேண்டும், கைகூப்ப வேண்டும், தலை தாழ்த்த வேண்டும் என்று அவனுக்கே தோன்றுகிறது. மானம் ஒன்றுதான் தடுக்கிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடும். உண்மை தெரிந்துவிட்டது, அன்பும் சுரந்துவிட்டது, 'நான்' மட்டும் குனியவில்லை. கூடப் பிறந்தவர்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க முடியாமல் எத்தனை வருடம் நிற்கிறோம்!

"இவ்வளவு கொடுமை செய்தவனை ஏன் அத்தை அழிக்காமல் விட்டார்?" என்று கேட்டேன்.

அத்தை படியில் உட்கார்ந்துவிட்டார். "ஆணவம் அநாதிம்மா, தொடக்கமே இல்லாதது. அதை இல்லாம பண்ண முடியாது, வலுவைத்தான் ஒடுக்க முடியும். சைவ சித்தாந்தம் அதைத்தானே சொல்லுது?"

மாமரமாய் நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்த பிறகும் சேவலும் மயிலுமாகச் சண்டைக்குத்தான் வருகிறான். சுவாமியின் கருணைப் பார்வை பட்ட பிறகே பகை போகிறது. சேவல் கொடியில் ஏறுகிறது, மயில் வாகனமாகிறது. இதை வெறும் போர்க்கதையாகப் படிப்பது பெரிய இழப்பு என்பேன்.

குகைக்குள் போனதும் ஈரக் காற்று, சொட்டும் நீர். குகை வாயில் வேல் போல இருப்பதைக் கண்டுதான் தம்புசாமிப் பிள்ளை இங்கே வழிபாட்டைத் தொடங்கினார் என்பார்கள். 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. கிரவுஞ்சமும் மலைதான், இதுவும் மலைதான். இங்கே வேல் இருப்பதால் உள்ளே போகிறவர் வழி தவறுவதில்லை. சந்நிதியில் நின்று, "என் அகந்தையை உன் வாகனமாக்கிக்கொள்" என்று மட்டும் கேட்டேன்.

சஷ்டி மாலை சூரசம்ஹாரம் பார்க்கப் போகிறவர்கள் தலை விழுந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மாமரம், சேவல், மயில் வரும்வரை நின்று பாருங்கள்.