கோர்போ

கரீபியன் தீவான டிரினிடாட்டின் மரக்காஸ் கடற்கரையில் இன்று காலை ஒரு மீனவர் கேரை மீனை அறுத்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிக் கரிய பிணந்தின்னிக் கழுகுகள் பத்துப் பன்னிரண்டு, ஊர்ப் பெரியவர்கள் மாதிரி நின்றன.

குடலை வீசினார். சத்தமே இல்லாமல் ஒன்று வந்து எடுத்துக்கொண்டது.

"கோர்போ" என்றார், நான் கேட்காமலே.

பிரெஞ்சில் அதற்குக் காக்கை என்று பொருள். டிரினிடாட்டை பிரான்ஸ் ஒருநாளும் ஆண்டதில்லை. 1783க்குப் பிறகு ஸ்பெயின் அரசு அழைத்துக் குடியேறிய பிரெஞ்சுத் தோட்டக்காரர்களும், அவர்கள் அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களும் பேசிய மொழி இது. ஆட்சிகள் மாறின, பேச்சு மாறியது, பறவையின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஜமைக்காவில் இதன் உறவான செந்தலைக் கழுகுக்கு 'ஜான் குரோ' என்று பெயர். அங்கும் காக்கைதான்! அங்கே ஒரு மலைத்தொடருக்கே அந்தப் பெயர். ஆனால் யாரையாவது திட்டவும் அதே சொல். கியூபாவில் 'அவுரா தின்யோசா', சொறி பிடித்தது என்ற பொருளில்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அழுகிய மாமிசத்தின் கிருமிகளையும் கொல்லும் அமிலம் அதன் வயிற்றில். அந்த மொட்டைத் தலை, பிணத்துக்குள் நுழைந்தாலும் அழுக்கு ஒட்டாமலிருக்க. அதற்கா இந்தப் பெயர்?

வெயில் ஏறியதும் ஒன்று படகு விளிம்பில் ஏறி, இரு இறக்கைகளையும் விரித்து நின்றது. இறக்கை நுனிகளில் வெள்ளி மாதிரி வெளுப்பு.

மீனவர் கத்தியைக் கழுவும்வரை அது அசையவே இல்லை.