டாங்கா: குழியைவிட முற்றம்தான் முக்கியம்

மேற்கு ராஜஸ்தானில் பார்மேர், ஜெய்சல்மேர் பக்கம் பல குடும்பங்கள் தெருவாக வீடு கட்டி இருப்பதில்லை. அவரவர் வயலிலேயே இரண்டு மூன்று குடிசை, ஒரு ஆட்டுப்பட்டி, சுற்றிலும் முள்வேலி. டாணி என்று பெயர். எல்லா டாணிக்கும் குழாய் எட்டவில்லை. கிணறு வெட்டினால் பல இடங்களில் உப்புத் தண்ணீர், இல்லையென்றால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு உப்பு கலந்த தண்ணீர். ஆகவே குடிக்கிற தண்ணீர் மழையில்தான் வரவேண்டும். அதைத் தரைக்கடியில் சேர்த்து வைக்கும் தொட்டிதான் டாங்கா.

டாங்கா என்றதும் எல்லோரும் குழியைத்தான் அளக்கிறார்கள். குழி சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். மழையைப் பிடித்துக் கொடுப்பது அதைச் சுற்றியிருக்கும் முற்றம். அங்கே அதை ஆகோர் என்பார்கள். ஆகோர் கெட்டால் எவ்வளவு நல்ல குழியும் வெறும் பள்ளம்.

கணக்கைப் பாருங்கள். ஆறு பேர் உள்ள வீடு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் என்றால் நாளைக்கு 60. விட்டம் 3 மீட்டர், ஆழம் 3 மீட்டர் உள்ள வட்டத் தொட்டி ஏறக்குறைய 21,000 லிட்டர் பிடிக்கும். 350 நாளைக்கு வரும். மழை ஜூலையில் தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிடுகிற ஊரில் இந்த அளவு சரி. ஆனால் நிரம்ப வேண்டுமே! ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 150 மி.மீ. பெய்து, மண் குடித்தது போக மூன்றில் ஒரு பங்கு ஓடிவந்தால் சதுர மீட்டருக்கு 50 லிட்டர். அப்படியானால் 420 சதுர மீட்டர் ஆகோர் வேண்டும். மழை பாதியாகக் குறைகிற வருடத்துக்கு இதைப்போல இரண்டு மடங்கு. இடம் இருக்கும்போதே பெரிதாக எடுத்துவிடுவதுதான் புத்தி.

ஆகோர் அமைக்க முரம் என்கிற சரளை கலந்த மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டுக் கெட்டிப்படுத்த வேண்டும். சரிவு தொட்டியை நோக்கி, 100 அடிக்கு 2 முதல் 3 அடி. அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் போய்விடும். கூடினால் மண்ணை அரித்துக்கொண்டு வந்து தொட்டியில் கொட்டும். சுற்றிலும் முள் வைத்து அடைப்பார்கள். ஒரு ஆடு ஒரு நாள் உள்ளே மேய்ந்தால் போதும், அடுத்த மழையில் புழுக்கை எல்லாம் குடிதண்ணீரில் கரையும். செருப்போடு ஆகோரில் கால் வைத்தால் பெரியவர்கள் சத்தம் போடுவது அதனால்தான். மே, ஜூனில் அடிக்கும் புழுதிக்காற்று ஆகோர் மேல் மணலைக் கொண்டுவந்து குவித்துவிடும். முதல் மழைக்கு முன் அதைக் கூட்டி அள்ளாவிட்டால் அந்த மணலே மழையைக் குடித்துவிடும்.

குழி வட்டமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மண்ணின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். மூலை கிடையாது, மூலையில் விரிசலும் கிடையாது. தண்ணீர் நுழையும் வாய்க்கு வெளியே வண்டல் தங்க ஒரு சிறு குழி, வாயில் கம்பி வலை. வலை கிழிந்தால் எலியும் பாம்பும் உள்ளே போய்விடும். எதிர்ப்பக்கம் மிகுதி நீர் போக ஒரு வழி விடவேண்டும். இல்லையென்றால் நிரம்பி வழியும் தண்ணீர் சுவரை ஒட்டிய மண்ணைக் கரைத்துவிடும். அருகில் மரம் வைக்கக்கூடாது, நிழலுக்காகக்கூட. வேர் ஈரத்தைத் தேடித் தொட்டிச் சுவரின் பூச்சுக்குள் புகுந்துவிடும்.

தண்ணீர் எடுக்கும் வாளி இதற்கென்றே தனி. அதைத் தரையில் வைப்பதில்லை. அடியில் ஒட்டிய சாணிப்புழுதி, அடுத்த முறை கயிற்றில் இறங்கும்போது தொட்டிக்குள் கழுவப்பட்டுவிடும். எடுத்ததும் மூடியைப் போட்டுப் பூட்டுவார்கள். குழந்தைகள் விழாமல் இருக்கவும் அதுதான் காவல்.

வீட்டுக்குள்ளும் இதே கண்டிப்பு. எச்சில் பாத்திரத்தைச் சாம்பலோ மணலோ போட்டுத் தண்ணீரில்லாமல் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுவார்கள். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து குளித்து, கீழே வைத்த பாத்திரத்தில் விழுகிற தண்ணீரைப் பிடித்து மாட்டுக்குக் காட்டுகிற வழக்கமும் உண்டு. கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சுகிற ராப் கூழுக்குத் தண்ணீர் அதிகம் செலவாகாது. நம் ஊரில் வன்னி என்கிற மரம்தான் அங்கே கேஜ்ரி. அதன் காயைப் பறித்து உலர்த்தி சாங்கரி என்று வருடம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள். காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லாத இடத்தில் அதுதான் காய்.

தொட்டியைச் சுத்தம் செய்ய, மழைக்கு முன் தண்ணீர் அடிமட்டத்துக்கு வரும் நாள்தான் நல்ல நாள். மூடியைத் திறந்து சில மணி நேரம் விட்டு, கயிற்றில் விளக்கை இறக்கிப் பாருங்கள். அணைந்தால் காற்று கெட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆள் இறங்கவே கூடாது. அணையாவிட்டாலும் மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வண்டலை வாரிய பிறகு தொட்டியை வெயிலில் காயவிடாதீர்கள். மழை தள்ளிப்போனால் ஒரு டேங்கர் தண்ணீராவது வாங்கி ஊற்றி, அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டக் காய்ந்த பூச்சு மயிரிழையாக வெடிக்கும், அடுத்து வரும் மழையெல்லாம் அந்த வெடிப்பு வழியே போய்விடும்.