மூன்றாவது எக்ஸாஸ்ட்

மார்ச் 4
விமான எஞ்சினில் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு, புகையை வெளியே விடுவது, மறுபடியும் இறுகியிருக்கிறது. அதன் நுனிக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளி குறைந்துவிட்டது. இடைவெளி அளக்கும் 0.15 மி.மீ. தகடு நுழையவே இல்லை. 0.10 போனது, அதுவும் பிடித்துக்கொண்டு.

மார்ச் 5
நேற்று சூடு முழுசாக ஆறுவதற்குள் அளந்துவிட்டேனோ என்று ராத்திரி தூக்கமே இல்லை. காலையில் சிலிண்டர் ஹெட்டைத் தொட்டால் சில்லென்று இருந்தது, அப்புறம்தான் கவரைக் கழற்றினேன். ப்ளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோ ஆஃப், ப்ளக் எல்லாம் வெளியே. அண்ணன் ப்ரொப்பெல்லரை மெல்லத் திருப்ப, நான் ப்ளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்திருந்தேன். காற்று விரலைத் தள்ளி, அந்தத் தள்ளல் உச்சிக்கு வரும் இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும்.

அதே 0.10 தான்.

ராக்கரில் இடைவெளித் திருகைச் சரிசெய்து, அது நகராமல் பிடிக்கும் லாக்நட்டை இறுக்கினால், ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பிடித்திருந்தும் திருகு மயிரிழை கூடவே சுற்றிவிடுகிறது. நாலாவது முறைதான், 0.15 தகடு எண்ணெய்த்தாளை இழுப்பதுபோல் லேசாகத் தடுத்தபடி வந்தது. ராக்கர் நுனியில் குழி விழுந்திருந்தால் தகடு அதன்மேல் பாலம்போல் நின்று பொய் சொல்லும். நகத்தால் தடவிப் பார்த்தேன், குழி இல்லை.

மார்ச் 6
சத்தமே இல்லை, அதுதான் பயம். இடைவெளி கூடித் தளர்ந்த டேப்பெட் டக்டக்கென்று காட்டிக்கொடுத்துவிடும். இறுகியது வாயே திறக்காது. எக்ஸாஸ்ட் வால்வு மூடி, தன் சீட்டான விளிம்பில் உட்காரும் நேரத்தில்தான் சூட்டை ஹெட்டுக்கு இறக்கிவைக்கிறது. உட்காரவே இடம் இல்லையென்றால் எரிந்துபோகும்.

மார்ச் 8
ஓடுபாதையை விட்டு விலகாமல் இரண்டு மணி நேரம் மேலே பறந்து சுற்றினேன். காது முழுக்க எஞ்சினில்தான்.

மார்ச் 9
மறுபடியும் 0.10. மற்ற ஏழு வால்வும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

மார்ச் 10
லைக்கமிங் ஓ-320 விமான எஞ்சின் வைத்திருப்பவர்களை நினைத்துப் பொறாமையாக இருக்கிறது. ஹைட்ராலிக் டேப்பெட், எண்ணெயால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். எண்ணெய் வடித்த நிலையில் 0.028 முதல் 0.080 அங்குலம் வரை இருந்தால் போதும், இல்லாவிட்டால் ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடை வேறு நீளத்தில் போடவேண்டும்.

மார்ச் 11
சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்க 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று கொடுத்தோம். மூன்றாவதில் 58 தான் நின்றது. எக்ஸாஸ்ட் குழாயில் காதை வைத்தேன். உஸ்ஸ்.

மார்ச் 12
அண்ணன், "இன்னொரு தடவை திருகி வெச்சிட்டு ஓட்டலாமேடா" என்றார். வேண்டாம் அண்ணா. திருகினால் இடைவெளிதான் சரியாகும். சீட் தேய்ந்து வால்வு உள்ளே அமிழ்கிறதா, வால்வின் தண்டே நீள்கிறதா, எதுவானாலும் நுனி ராக்கரை நோக்கி வந்துகொண்டேதான் இருக்கும். நீள்கிற தண்டு ஒருநாள் அறுந்தால் தலை பிஸ்டன்மேல் விழும், நான் மேலே இருப்பேன்.

மார்ச் 14
ஹெட் மேஜையில். வால்வைக் கழற்ற வேண்டிய ஸ்ப்ரிங் கம்ப்ரெஸர் நாளைக்குத்தான் வரும்.