ஆறரைக்குள் ஒரு புள்ளி: ஷூ ஆர்டர் ஷீட்டை நெஸ்டட் ஆப்ஜெக்டாக மாற்றியது

கையில் வந்தது ஆம்பூர், ராணிப்பேட்டை யூனிட்களின் ஆர்டர் ஷீட். இரண்டே நெடுவரிசை. இடதில் ‘வேலூர்.ஆம்பூர்.ஸ்டிச்சிங்.8.ஜோடி’ மாதிரி கீ (மதிப்பைத் தேடி எடுக்க உதவும் பெயர்), வலதில் 120 மாதிரி எண். இதை மாவட்டம், ஊர், பிரிவு, சைஸ் என்று ஒன்றுக்குள் ஒன்றாக, கிளை விட்ட மரம் மாதிரி அடுக்க வேண்டும். அதுதான் நெஸ்டட் ஆப்ஜெக்ட். ஜாவாஸ்கிரிப்ட், லூப் இல்லாமல்.

எழுதியது ‘போடு’ என்று ஒரே ஃபங்ஷன். ஆப்ஜெக்ட், பாதை, மதிப்பு மூன்றையும் வாங்கும். பாதை காலி என்றால் மதிப்பையே திருப்பித் தரும். இல்லையென்றால் முதல் துண்டைக் கழற்றி, அந்தக் கிளைக்கு மிச்சப் பாதையோடு தன்னையே மறுபடி கூப்பிட்டு, வந்த விடையை ஆப்ஜெக்டின் நகலில் வைத்துத் தரும். எல்லா வரிகளையும் ரெட்யூஸ் (வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே விடையாக்கும் ஃபங்ஷன்) வழியாக இதற்குள் ஓட்டினால் மரம் தயார். ரெட்யூஸுக்குத் தொடக்க மதிப்பாகக் காலி ஆப்ஜெக்ட் கொடுக்க மறக்கக் கூடாது. மறந்தால் முதல் வரியின் கீ-மதிப்பு ஜோடியே தொடக்கமாகி, மரத்தின் உச்சியில் 0, 1 என்று இரண்டு அநாதைக் கீ நிற்கும்.

இவ்வளவு அரை மணி நேர வேலை. நாள் முழுவதையும் விழுங்கியது கீக்கள்தான்.

முதல் அடி அரை சைஸில் விழுந்தது. 6.5-ஐப் புள்ளியில் ஸ்ப்ளிட் செய்தால் (துண்டாக்கினால்) 6-க்குள் 5 என்று ஒரு கிளை முளைக்கிறது. எர்ரர் வராது, 6-ஆம் சைஸின் ஜோடிக் கணக்குக்குப் பக்கத்திலேயே சாதுவாக உட்கார்ந்திருக்கும். ஷீட் நம் கையில் இருந்தால் பிரிப்பானைச் செங்குத்துக் கோடாக மாற்றிவிடலாம். இல்லையென்றால் இடமிருந்து மூன்று துண்டு, வலமிருந்து ஒரு துண்டு எடுத்துவிட்டு, நடுவில் மிஞ்சுவதைப் புள்ளி வைத்து ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகும் வரிசை குழம்பும்: ஜாவாஸ்கிரிப்ட் முழு எண் கீக்களை முன்னால் அடுக்கிவிட்டு மற்றவற்றைப் பின்னால் தள்ளும். 6, 7, 8 முடிந்த பிறகுதான் 6.5 வரும். வரிசை முக்கியமென்றால், போட்ட வரிசையைக் காக்கும் மேப் என்ற அமைப்பில் வைப்பதே சரி.

எண் துண்டு வந்தால் அர்ரே (0 முதல் எண்ணிட்ட பட்டியல்) ஆக்கிவிடலாம் என்ற ஆசையும் வரும். சைஸ் 8-க்கு எட்டு காலி இடத்தோடு போய்விடும். குடியாத்தத்தின் பின்கோடு 632602 கீயாக வந்தால், ஜேசன் (JSON) என்ற உரை வடிவில் எழுதும்போது ஆறு லட்சத்துக்கு மேல் null (வெற்று மதிப்பு) வரிசையாக நிற்கும்.

இன்னொரு தொல்லை தமிழுக்கே உரியது. சோளிங்கர் இரண்டு முறை வந்தது. கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. ஒன்றில் ‘ோ’ ஒரே குறியீடு, மற்றதில் ‘ே’, ‘ா’ என இரண்டு. ஸ்ப்ளிட்டுக்கு முன்னால் நார்மலைஸ் செய்து, இரண்டு குறியீட்டை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவுக்குக் கொண்டுவந்ததும் இரண்டும் ஒன்றாயின. பழைய வரிகளில் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் வேலூருக்குள்ளேயே இருந்தன, 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது ஷீட்டுக்குத் தெரியாது. ஊர்-மாவட்ட அட்டவணை ஒன்றை வைத்து, ஒவ்வொரு வரியையும் மாற்றித் தரும் map ஃபங்ஷனில் (முன்பு சொன்ன மேப் அமைப்பு வேறு) முதலிலேயே திருத்திவிட்டால் மரத்தைத் தொட வேண்டியதில்லை.

ஒரே கீ இலையாகவும் (மதிப்பு நிற்கும் நுனி) கிளையாகவும் வந்தால் இன்னும் மோசம். ஸ்டிச்சிங்குக்கு நேராக 300 என்று மொத்தம், கீழே சைஸ் வாரியாகவும் எண்கள். நகலெடுக்க எண்ணை ஸ்ப்ரெட் செய்தால் (உள்ளிருப்பதை விரித்துப் போட்டால்) காலி ஆப்ஜெக்ட்தான், 300 சத்தமில்லாமல் போய்விடும். அங்கே ‘வேலூர்’ என்ற ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) இருந்தால் ஆறு குறியீடுகளாகச் சிதறி 0 முதல் 5 வரை கீக்களாகும். வரிசை மாறி மொத்தம் பிறகு வந்தால் கிளையையே தின்றுவிடும். எனவே ‘போடு’ இரண்டு பக்கமும் சோதித்து எர்ரர் எறிய வேண்டும்.

மதிப்புகளிலும் கண் வேண்டும். காலி செல்லை நம்பர் ஃபங்ஷன் 0 ஆக்கும். ‘1,20,000’ NaN (எண் அல்ல) என்று வரும். காலியை ஃபில்டரில் கழித்து, கமாவை நீக்கிய பிறகே மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு வரிக்கும் நகல் எடுப்பது உச்சியில் மூன்று மாவட்டம் இருக்கும்வரை பெரிய செலவில்லை. ஆர்டர் எண்ணை முதல் துண்டாக வைத்து 10,000 வரி வந்தால் மொத்தம் ஏறக்குறைய 5 கோடி கீக்களை நகலெடுக்க வேண்டிவரும். அந்த இடத்தில் பழையதைத் தொடாத தூய்மை பார்க்காமல் ரெட்யூஸுக்குள் அக்யூமுலேட்டரையே (சேர்ந்துகொண்டு வரும் விடையை) மாற்றலாம். அது வெளியே கசியாதவரை தப்பில்லை.

கடைசிச் சோதனை, மரத்தைத் திரும்பத் தட்டையாக்கித் திருத்திய வரிகளோடு ஒப்பிடுவது. இலைகளின் எண்ணிக்கை குறைந்தால் ஷீட்டில் ஒரே கீ இரண்டு முறை வந்திருக்கிறது. ஒரே சைஸுக்கு இரண்டு லாட் என்றால் கூட்ட வேண்டும், தட்டச்சுப் பிழை என்றால் ஒன்றை நீக்க வேண்டும். இதை யூனிட்டில் கேட்டுத்தான் முடிவு செய்ய முடிந்தது.