காலையில் மட்டும் உதறும் கார்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

திருவெம்பாவைக் காலம். அம்மாவைத் திருகோணமலைக் கோணேசர் கோவிலுக்குக் கூட்டிப்போக விடிய நாலரைக்குக் காரை எடுத்தேன். சாவியைத் திருப்பியதும் பற்றிக்கொள்கிறது, ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த கை அதிரும் அளவுக்கு எஞ்சின் உதறுகிறது, நாலு சிலிண்டரில் ஒன்று வேலைக்கே வராத மாதிரி. அரை நிமிடம்தான், பிறகு சாந்தமாகிவிடுகிறது. கோட்டைக்குள் ரோட்டை மறித்துப் படுத்திருந்த மான்கள் எழும்பும்வரை அப்படியே நின்றோம், ஒரு குலுக்கலும் இல்லை.

கார் 97ஆம் ஆண்டுக் கொரோலா 110. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்ற பிறகு பழைய கார்களுக்குச் சொல்லும் விலையைப் பார்த்தால், இன்னொன்று வாங்கும் கதையே கிடையாது. அப்பா ஓடிய கார் வேறு. இதைத்தான் காப்பாற்றவேண்டும்.

ஜனவரி 7, செவ்வாய்

எங்கள் வீடு உப்புவெளியில், கடல் பக்கத்திலேயே. வாடைக்காற்று மழைக்காலத்தில் எல்லாம் ஈரம் பிடிக்கும் என்பதால் முதலில் பொறி தரும் பிளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயரைச் சந்தேகப்பட்டேன். இரவு வெளி லைட்டை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, வயர்களின் மேல் கொஞ்சம் தண்ணீரைத் தூவிப் பார்த்தேன். ஒரு வயரில் ஊசி முனையளவு நீலப் பொறி ஓடியது. பிடிபட்டுவிட்டது என்று அவ்வளவு சந்தோஷம்.

ஜனவரி 8, புதன்

நேற்று இரவே புது வயர் வாங்கிப் போட்டாயிற்று, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் கழற்றித் துடைத்தேன். காலையில் அதே உதறல்.

பத்து மணிக்கு டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அந்த நேரம் எஞ்சின் சூடு, ஒரு குறையும் காட்டாது. பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் பெற்றோலைத் தூவும் இன்ஜெக்டரில் அடைப்பு என்றார்கள், கழுவினார்கள், காசு வாங்கினார்கள். இது எனக்கு உண்மையாகவே கோபம். வருத்தக்காரன் சொல்வதைக் கேட்காமல் மருந்து எழுதுவது போலத்தான்.

ஜனவரி 10, வெள்ளி

உதறல் போகவில்லை. அடுத்த சந்தேகம் பெற்றோல் அழுத்தம்: இரவில் லைனில் அழுத்தம் இறங்கினாலும் காலையில் இப்படிச் செய்யலாம். சாவியை இரண்டு மூன்று தரம் ஓன் பண்ணிப் பிறகு ஸ்டார்ட் பண்ணு என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தக் காரில் அது பயனில்லை, ஸ்டார்ட்டர் சுற்றினால்தான் பம்ப் ஓடும். பொனட்டுக்குக் கீழே இருக்கும் டயக்னொசிஸ் பெட்டியில் எஃப்பி, பிளஸ் பி என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பம்பை முதலில் ஓடவிட்டு, அதன் பிறகு ஸ்டார்ட் பண்ணினேன். அப்போதும் உதறல். ஆக, பெற்றோல் இல்லை.

ஆனால் அம்மா பின்னால் நின்றவர், "என்ன மகன், இவ்வளவு புகை?" என்றார். வெள்ளைப் புகை. எண்ணெய் எரிந்தால் நீலம், பெற்றோல் கூடினால் கறுப்பு, வெள்ளை என்றால் தண்ணீர். குளிர் ஊர்களில் காலையில் வெள்ளையாகப் போவது சாதாரணம், நம்முடைய ஊரில் இவ்வளவு போகக்கூடாது. ரேடியேட்டரின் ரிசர்வ் டாங்கியைப் பார்த்தால் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே. நத்தாருக்குத்தான் நிரப்பினேன்.

ஜனவரி 12, ஞாயிறு

நேற்றுப் பின்னேரம் கிண்ணியாவில் ஒரு நானாவின் கராஜில் காரை விட்டேன். (2009இல் பாலம் திறக்கும்வரை அங்கே பாதை என்கிற மிதவைப் படகில்தான் கடந்து போவோம்.) விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "சூடான வாகனத்த வச்சுக் குளிர் நோவப் பாக்க ஏலாது தம்பி. இரவைக்கு இங்கேயே நிக்கட்டும். சுபஹ் தொழுதிட்டு நான் வாறன், நீங்களும் வாங்க."

போனேன். ஸ்டார்ட் பண்ணாமலே நாலு பிளக்கையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தார். மூன்று வெளிர் மண்ணிறம். இரண்டாம் நம்பர் மட்டும் கழுவித் துடைத்த மாதிரி வெள்ளை, நுனியில் ஒரு துளி. விரலால் தொட்டுப் பார்த்து, "தண்ணி" என்றார். பிறகு பெற்றோல் பம்பையும் கொயிலையும் துண்டித்து, பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். இரண்டாம் ஓட்டையிலிருந்து புஸ்ஸென்று ஈரம் சீறியது.

ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது, அதாவது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் சிலிண்டர்களுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு. ஓடும்போது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் தண்ணீரை உள்ளே விடாது. நிறுத்திய பிறகு சிலிண்டரில் அழுத்தமில்லை, ரேடியேட்டரில் சூட்டின் அழுத்தம் இன்னும் இருக்கும், அதுதான் இரவில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளுகிறது. காலையில் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும்வரை அந்தப் பிளக் பற்றாது. அரை நிமிடக் கணக்கு விளங்கிவிட்டது.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் முடிந்து ஹெட்டைக் கழற்றினார். இரண்டாம் சிலிண்டரின் ஓரத்தில், தண்ணீர் ஓட்டைக்குப் பக்கத்தில் கேஸ்கட் அரித்துக் கறுத்திருந்தது. தண்ணீர் ஓடும் வழியெல்லாம் துரு. "என்ன தண்ணி ஊத்துறீங்க?" என்றார். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். இரண்டு வருடமாக அதைத்தான் ஊற்றினேன். அவர் ஏசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

எஃகு மட்டத்தை ஹெட்டின் மேல் குறுக்கே வைத்து, கீழே ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய உலோகத் தாள், விட்டுப் பார்த்தார். 0.05 மில்லிமீற்றருக்கு மேல் வளைந்தால் அப்படியே பூட்டக்கூடாது. தாள் நுழைந்தது. சீவி மட்டமாக்க லேத்துக்கு அனுப்பினோம். ஹெட் வெளியே வந்ததோடு டைமிங் பெல்ட்டையும் மாற்றச் சொன்னேன், இன்னொரு தரம் கழற்றும் கூலி மிச்சம்.

ஜனவரி 18, சனி

பத்து போல்ட். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இறுக்காமல் சுற்றுச் சுற்றாக, டோர்க் ரெஞ்ச் 'டிக்' என்னும்வரை. இதைப் பார்க்கவே பக்கத்தில் நின்றேன். துரு போகும்வரை தண்ணீர் விட்டுக் கழுவி, கூலன்டும் பற்றரித் தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றினார்.

ஜனவரி 19, ஞாயிறு

விடிய ஐந்து மணி. மழை தூறல். சாவியைத் திருப்பினேன், ஒரே சீராக ஓடியது. புகை இல்லை. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் போட உள்ளே போனார்.

ஜனவரி 26, ஞாயிறு

டாங்கியில் பேனையால் போட்ட கோட்டிலேயே கூலன்ட் நிற்கிறது.