மூன்று புள்ளி

மொரீஷியஸ் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ்ப் பாடவேளை வந்தால், தமிழ் எடுத்த பிள்ளைகள் மட்டும் வகுப்பிலிருந்து எழுந்து வருவார்கள். அந்த வருஷம் கிரேட் 4இல் எனக்கு ஒன்பது பேர். எல்லார் வீட்டிலும் பேசுவது பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல் மொழிதான். தமிழ் என்பது கோவிலிலும் காவடி நாளிலும் காதில் விழுவது, அவ்வளவுதான். எதைக் கேட்டாலும் முதல் பதில் "மோ பா கோனே, மிஸ்". தெரியாது மிஸ்.

அதை அதிகம் சொன்னவன் சின்னத்தம்பி. அது அவன் குடும்பப் பெயர். பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்ப எழுதி, கடைசியில் 'தம்பூ' என்று முடியும். தம்பூர் என்றால் பிரெஞ்சில் மத்தளம். மைதானத்தில் அவனைப் பார்த்தாலே யாராவது ஒருவன் வயிற்றில் தாளம் தட்டுவான்.

பயிற்சியில் கற்ற ஒரு விளையாட்டை நடத்திப் பார்த்தேன். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு தாளை ஒட்டிவிட்டால், மற்றவர்கள் அதில் அவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுத வேண்டும். கிரியோலில்தான் எழுதினார்கள். கலகலப்பான பிள்ளைகளின் தாள் நிரம்பி வழிந்தது. இவன் தாளில் மூன்றே வரி, அதில் ஒன்று "உன் பை அழகு". மணி அடித்த பிறகு அந்தத் தாளைக் குப்பைக் கூடையில் பார்த்தேன். ஏற்கெனவே நண்பர்கள் உள்ளவர்களுக்கான விளையாட்டு அது என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

ஈடுகட்டுவதாக நினைத்து அவனை அளவுக்கு மீறிப் புகழ ஆரம்பித்தேன். கோணலாக ஒரு 'அ' போட்டாலும் "அபாரம்!" அவன் இன்னும் சுருங்கினான். 2014இல் எடி ப்ரும்மெல்மான் என்ற ஆய்வாளரும் குழுவினரும் நெதர்லாந்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். தன்மதிப்புக் குறைந்த பிள்ளைகளின் ஓவியத்தை மிகையாகப் புகழ்ந்தால், அடுத்து அவர்கள் எளிதான படத்தையே தேர்ந்தெடுத்தார்களாம். பெரிய புகழ்ச்சி வந்தால் அடுத்த முறையும் அந்த உயரத்துக்கு எட்ட வேண்டுமே என்ற பயம். நான் செய்துகொண்டிருந்ததும் அதுதான்.

அப்புறம் ஒரு நாள் மொரீஷியஸ் நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கொண்டுபோனேன். அதில் இருப்பவர் இந்த நாட்டுத் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன். ஆனால் நோட்டில் அச்சாகியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'ரெங்கநாதென் சீனீவாசென்' என்று வரும். பிள்ளைகளைப் படிக்கச் சொன்னேன். அதே நோட்டில் தொகை தமிழிலும் இருப்பதைக் காட்டினேன். பையில் தினமும் போய்வருகிற காசில் தமிழ் இருப்பதை ஒருத்தியும் கவனித்ததில்லை, ஒருவனும் கவனித்ததில்லை. "சரி, உங்கள் பெயருக்குள் எந்தத் தமிழ்ப் பெயர் ஒளிந்திருக்கிறது?" என்று கேட்டேன்.

அன்றைய பாடம் அதோடு போயிற்று, போகட்டும். முத்துசாமி கிடைத்தான், சுப்பிரமணியன் கிடைத்தான். ஒரு பெண்ணின் பெயர் மட்டும் எனக்கே பிடிபடவில்லை. தாத்தாவிடம் கேட்டுவரச் சொன்னேன், அவருக்கும் தெரியவில்லை. இப்படியும் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

இவன் முறை வந்தபோது கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். சின்னத்தம்பி. பெரிய தம்பி, சின்னத் தம்பி என்று பொருளையும் சொன்னேன். வீட்டில் அவன்தான் கடைக்குட்டி. சிரித்தான். ஏழு எழுத்து, அதில் மூன்றுக்குப் புள்ளி. ன், த், ம். புள்ளி வைத்தால் எழுத்து எப்படி மாறுகிறது என்று வாரக்கணக்கில் சொல்லியும் ஏறாதது, சொந்தப் பெயரில் பத்து நிமிடத்தில் ஏறிவிட்டது. வகுப்புக்கான பெயரட்டைகளில் புள்ளி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை அவனிடமே கொடுத்தேன். பாராட்டு எதுவும் சொல்லவில்லை. மற்ற எட்டுப் பேரும் அட்டையைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போக வேண்டியிருந்தது.

மைதானத்துத் தாளம் நின்றுவிட்டதா என்றால், இல்லை. கணக்கு வகுப்பில் "மோ பா கோனே" குறையவும் இல்லையாம்.

சில வாரம் கழித்து, அவசரத்தில் கரும்பலகையில் 'செவ்வாய்க்கிழமை' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்னால் நாற்காலி நகரும் சத்தம். என்னிடம் கேட்காமலே எழுந்து வந்தான், சாக்பீஸை எடுத்தான், 'க்'கின் தலையில் நான் விட்டிருந்த புள்ளியை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான்.